திரை மூடியாச்சு, அலாரம் மட்டும் ஏன் அடிக்குது?

இந்த வாரம் முழு எபிசோடும் ஒரே ஒரு நேயர் கேள்விதான். மண்டபம் பக்கத்துல இருந்து ஒரு கடைசி வருஷ இன்ஜினியரிங் மாணவர் எழுதியிருந்தார். ப்ராஜெக்டுக்கு ஒரு ஆண்ட்ராய்டு ஆப் பண்றார். படகு சர்வதேச கடல் எல்லையை நெருங்கினா போன் அலாரம் அடிக்கணும், அவ்வளவுதான் ஐடியா. கல்லூரி லேப்ல சூப்பரா ஓடுது. உறவுக்காரர் படகுல கொடுத்து அனுப்பினா ரெண்டு மணி நேரத்துல போன் சூடாகுது, ஒரு தடவை அடிக்க வேண்டிய அலாரம் அஞ்சாறு தடவை அடிக்குது, கடைசியில ஆப் தானா மூடிக்குது. "ஜிபிஎஸ் கணக்குல தப்பா அண்ணா?"ன்னு கேட்டிருந்தார்.

கணக்குல தப்பு இல்ல. அந்தக் கணக்கு மொத்தமே ஒரு பத்திருபது வரி. பாக் விரிகுடாப் பக்கம் 1974-லயும், மன்னார் வளைகுடாப் பக்கம் 1976-லயும் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தங்கள்ல எல்லைக்கோட்டை அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளாவே கொடுத்திருக்காங்க. புள்ளிகளைச் சேர்த்தா கோடு. படகு இருக்கிற இடத்துல இருந்து அந்தக் கோடு எவ்வளவு தூரம்னு பார்க்கறது பிளஸ் டூ கணக்கை விடக் கொஞ்சம்தான் பெருசு. பிரச்சினை வேற இடத்துல: திரையில இருக்கிற ஒரு பொருளை யார் பிடிச்சு வெச்சிருக்காங்க, எப்ப விடறாங்க. ரெஃபரன்ஸ், அப்புறம் க்ளீனப். இன்டர்வியூல கேட்டா எல்லாரும் டெஃபினிஷன் சொல்லுவோம். கோட்ல எங்க வருதுன்னு கேட்டாத்தான் முழிப்போம்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இப்படி ஒரு ஆப் செய்யறது புதுசு இல்ல. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோட 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' ஆப்ல எல்லை எச்சரிக்கை பல வருஷமா இருக்கு. 2019 அக்டோபர்ல மத்திய அரசு 'ஜெமினி'ன்னு ஒரு கருவியை அறிமுகப்படுத்தினாங்க. கரையில இருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினா செல்போன் டவர் கிடைக்காது இல்லையா? அதனால ககன் செயற்கைக்கோள் வழியா வர்ற புயல் எச்சரிக்கை, மீன் கிடைக்கிற இடம் மாதிரி தகவல்களை அந்தக் கருவி வாங்கி, ப்ளூடூத்ல போனுக்கு அனுப்பும். போன்ல இருக்கிற ஆப் அதை நம்ம மொழியில காட்டும். நான் இங்க பேசப்போற கோடு இந்த ஆப்களோடது இல்ல, நேயரோட ப்ராஜெக்ட். அதைத் தெளிவா சொல்லிடறேன்.

இன்னொண்ணும் சொல்லணும். எல்லைப் பிரச்சினையை ஆப் தீர்த்துடும்னு ஹேக்கத்தான் மேடையில பேசறவங்க மேல எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. தனுஷ்கோடியில இருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். நடுவுல கோடு. அந்தக் கடல்ல தலைமுறையா தொழில் பார்க்கிறவங்களுக்குக் கோடு எங்கன்னு தெரியாம இல்ல. மீன் எங்க இருக்கு, நாட்டுப்படகுக்கு எது, விசைப்படகுக்கு எதுன்னு அது பெரிய கதை. ஆனா ராத்திரி நேரம், இன்ஜின் பழுது, நீரோட்டம் இழுக்குது, இப்படி ஒரு சூழல்ல ஒரு சரியான அலாரம் உதவும். இலங்கைக் கடற்படை பிடிச்சா படகு போச்சு, ஆளும் சிறைக்குப் போகணும். அதனால அலாரம்னு ஒண்ணு வெச்சா அது ஒழுங்கா அடிக்கணும். தப்பா அடிச்சா, இல்லாம இருக்கிறதை விட மோசம். ஏன்னு பின்னாடி சொல்றேன்.

சரி, ரெஃபரன்ஸ்னா என்ன? ராமேஸ்வரம் துறைமுகத்துல படகுகள் வரிசையா நிக்கறதைப் பார்த்திருப்பீங்க. சில படகு ஜெட்டியில கட்டியிருக்கும். சிலது பக்கத்துப் படகோட கட்டியிருக்கும், அந்தப் படகு ஜெட்டியில கட்டியிருக்கும். எப்படியோ, கயிறைப் பிடிச்சுக்கிட்டே போனா கரைக்கு வந்துடலாம். ஜாவா, கோட்லின், ஜாவாஸ்க்ரிப்ட் இதுல எல்லாம் இருக்கிற கார்பேஜ் கலெக்டர் பண்றது இதேதான். கரையில இருந்து கிளம்பும், கயிறு கயிறா போகும். போய்ச் சேர முடிஞ்ச பொருள் எல்லாம் உயிரோட இருக்கு. சேர முடியாதது குப்பை, எடுத்துடும்.

இப்ப ரெண்டு படகு ஒண்ணோட ஒண்ணு கட்டியிருக்கு, ஆனா ரெண்டுமே கரையோட கட்டலைன்னு வெச்சுக்கோங்க. கலெக்டரைப் பொறுத்தவரை ரெண்டுமே குப்பை. ஆனா ஸ்விஃப்ட் மாதிரி கயிறை எண்ணி முடிவு பண்ற மொழிகள் இருக்கு. அங்க ஒவ்வொரு படகுலயும் ஒரு கயிறு இருக்குல்ல, எண்ணிக்கை ஒண்ணு, அதனால ரெண்டும் எப்பவும் போகாது. ஐபோன் ஆப் எழுதறவங்க 'வீக் செல்ஃப்'னு அடிக்கடி எழுதறது இந்த முடிச்சை அவிழ்க்கத்தான். பைத்தான்ல எண்ணிக்கையும் உண்டு, சுத்தி முடிச்சு விழுந்ததைக் கண்டுபிடிக்கிற கலெக்டரும் உண்டு.

வீக் ரெஃபரன்ஸ்னா? ஒரு படகோட பதிவு எண் என்கிட்ட எழுதி வெச்சிருக்கேன். நம்பர் இருந்தா தேடிப் பார்க்கலாம், இருந்தா பேசலாம். ஆனா நம்பர் கையில இருக்கிறதால படகு கரையில நிக்காது. கயிறு வேற, நம்பர் வேற.

இப்ப நேயரோட கோடுக்கு வருவோம். மேப் காட்டற ஆக்டிவிட்டி ஒண்ணு. அது திறந்த உடனே லொகேஷன் மேனேஜர்கிட்ட போய், "படகு நகர்ந்தா என்கிட்ட சொல்லு"ன்னு ஒரு லிஸனரைப் பதிவு பண்ணுது. (இங்க லிஸனர்னா நீங்க இல்ல. அதனாலதான் உங்களை நேயர்னு சொல்றேன்.) அந்த லிஸனரை ஜாவாவுல, ஆக்டிவிட்டிக்குள்ளயே பேரில்லாத உள் வகுப்பா எழுதியிருக்கார். அப்படி எழுதினா நாம கேட்காமலே அது வெளி வகுப்பை, அதாவது முழு ஆக்டிவிட்டியையும், கயிறு போட்டுப் பிடிச்சுக்கும். கோட்ல அந்தக் கயிறு கண்ணுக்குத் தெரியாது. கம்பைலர் சத்தமில்லாம சேர்க்குது. கோட்லின்ல வெளியில உள்ள எதையாவது தொட்டாத்தான் பிடிக்கும், ஆனா எல்லை எச்சரிக்கை காட்டணும்னா திரையைத் தொடாம எப்படி?

சங்கிலியைப் பாருங்க. ஆப் ஓடற வரைக்கும் சாகாத லொகேஷன் மேனேஜர், அது பிடிச்சிருக்கிற லிஸனர், லிஸனர் பிடிச்சிருக்கிற ஆக்டிவிட்டி, ஆக்டிவிட்டி பிடிச்சிருக்கிற மொத்தத் திரை: பட்டன், எழுத்து, கடல் வரைபடப் படம் எல்லாம்.

இப்ப போனைச் சாய்க்கிறீங்க. ஆண்ட்ராய்டு என்ன பண்ணும் தெரியுமா? நாம வேற மாதிரி சொல்லலைன்னா, நிமிர்ந்து இருந்த ஆக்டிவிட்டியை அழிச்சுட்டு, படுத்த வாக்குல புதுசா ஒண்ணை உருவாக்கும். அழிச்சுட்டுன்னா, 'ஆன்-டிஸ்ட்ராய்'னு ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டுட்டு அது கையை எடுத்துடும். நிஜமா நினைவகத்துல இருந்து போகணும்னா வேற யாரும் கயிறு பிடிச்சிருக்கக் கூடாது. ஆனா லொகேஷன் மேனேஜர் பிடிச்சிருக்கே? பழைய ஆக்டிவிட்டி திரையில இல்ல, ஆனா போகல. புது ஆக்டிவிட்டி வந்து தன் பங்குக்கு இன்னொரு லிஸனரைப் பதிவு பண்ணும். நாலு தடவை சாய்ச்சா அஞ்சு லிஸனர். ஒவ்வொண்ணும் ஜிபிஎஸ் தகவல் வர்றப்ப எல்லாம் கணக்குப் போடும், எல்லையை நெருங்கினா தனித்தனியா அலாரம் அடிக்கும். அஞ்சாறு தடவை அடிக்குதுன்னு சொன்னாரே, அது இதுதான்.

லேப்ல ஏன் தெரியல? மேசை ஆடாது. படகு ஆடும். கையில போனைப் பிடிச்சுக்கிட்டு அலையில நிக்கிற ஒருத்தருக்குத் திரை எத்தனை தடவை திரும்பும்னு யோசிச்சுப் பாருங்க. அதுவும் ராமேஸ்வரம் விசைப்படகுகள் காலையில கிளம்பினா மறுநாள் காலையிலதான் வரும். சாயங்காலம் ஆனா போன் தானா டார்க் மோடுக்கு மாறும், அதுவும் ஆக்டிவிட்டியைத் திரும்ப உருவாக்கும். எழுத்தைப் பெருசாக்கினாலும் அப்படித்தான்.

நினைவகக் கணக்கையும் போட்டுடுவோம். 2000-க்கு 2000 பிக்சல்ல ஒரு வரைபடப் படம். பிக்சலுக்கு 4 பைட். மொத்தம் 1 கோடியே 60 லட்சம் பைட், அதாவது 16 எம்பி. பத்து தடவை திரும்பினா பழைய படங்களே 160 எம்பி, யாரும் பார்க்காம உட்கார்ந்திருக்கும். ரெண்டு ஜிபி ரேம் போன்ல இது தாங்காது. ஆப் மூடிக்குச்சுன்னா காரணம் இது.

மன்னார் வளைகுடாவுல பவளப்பாறை இருக்கிற 21 தீவுகளைச் சுத்தி, அறுந்து விழுந்த வலைகளை முக்குளிச்சு எடுக்கிறாங்கன்னு செய்தி படிச்சிருப்பீங்க. பேய் வலைன்னு சொல்றாங்க. போட்டவர் விட்டுட்டுப் போயிட்டார், மேல இழுக்க ஆள் இல்ல, ஆனா நைலான் மக்காது. அது பாட்டுக்கு மீனைப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். விட்டுப்போன லிஸனர் அச்சு அசலா அதேதான். சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்தாக் கூடப் பரவாயில்ல, வேலை செஞ்சுக்கிட்டே இருக்கு பாருங்க, அதுதான் கஷ்டம்.

அது எவ்வளவு கஷ்டம்னு சொல்றேன். நேயரோட ஆப்ல எச்சரிக்கை தூரத்தை மாத்தலாம். ஒருத்தர் முதல்ல 5 கிலோமீட்டர்னு வெக்கிறார். அடிக்கடி அடிக்குதுன்னு 1 கிலோமீட்டரா குறைக்கிறார். புதுத் திரை 1-ஐ எடுத்துக்கும். பழைய திரை தனக்குத் தெரிஞ்ச 5-லயே நிக்கும். அவர் 4 கிலோமீட்டர் தள்ளி நிம்மதியா வலை இழுத்துக்கிட்டு இருப்பார், திரையில பச்சை காட்டும், அலாரம் அலறும். ரெண்டு தடவை பார்ப்பார். மூணாவது தடவை போனை சைலன்ட்ல போட்டுடுவார். நானா இருந்தாலும் போட்டிருப்பேன். வலை இழுக்கிற வேகம் மூணு நாட்டுன்னு வெச்சுக்கிட்டா, 1 கிலோமீட்டரைக் கடக்க சுமார் 11 நிமிஷம். உண்மையான அலாரம் வர்றப்ப அந்த 11 நிமிஷமும் சத்தமில்லாமப் போயிடும். தப்பா அடிக்கிற அலாரம் இல்லாததை விட மோசம்னு சொன்னது இதுக்குத்தான்.

தீர்வு? பதிவு பண்ண இடத்துக்கு ஜோடியா பதிவு நீக்கற இடம். 'ஆன்-ஸ்டார்ட்'ல பதிவு பண்ணா 'ஆன்-ஸ்டாப்'ல நீக்கு. ராமேஸ்வரத்துல விசைப்படகு கடலுக்குப் போகணும்னா மீன்வளத்துறை டோக்கன் வாங்கணும், தெரியும்ல? எந்தப் படகு உள்ள போயிருக்குன்னு கரையில ஒரு கணக்கு இருக்கும். அந்த மாதிரி, ஒவ்வொரு 'ரிக்வெஸ்ட்'டுக்கும் ஒரு 'ரிமூவ்' எங்க இருக்குன்னு விரல் வெச்சுக் காட்ட முடியணும். காட்ட முடியலைன்னா அந்தக் கோடை மெர்ஜ் பண்ண விடாதீங்க.

ஆனா இந்த இடத்துல பாதிப் பேர் இன்னொரு பள்ளத்துல விழுவாங்க. "ஓ, கயிறுதானே பிரச்சினை? எல்லாத்தையும் வீக் ரெஃபரன்ஸ் ஆக்கிடலாம்!" வேண்டாம். யாருமே கயிறு பிடிக்காத லிஸனரை கலெக்டர் எப்ப வேணா எடுத்துட்டுப் போயிடும். எர்ரர் வராது, க்ராஷ் ஆகாது. அலாரம் அடிக்காது, அவ்வளவுதான்.

கற்பனை இல்ல இது. ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ் சேமிக்கிற 'ஷேர்டு ப்ரிஃபரன்சஸ்' இருக்கே, அதுல மாற்றம் வந்தா சொல்லச் சொல்லி லிஸனர் பதிவு பண்ணா, அது வீக் ரெஃபரன்ஸா மட்டும்தான் வெச்சுக்கும். நீ ஒரு கயிறு பிடிச்சுக்கோன்னு அதோட ஆவணத்துலயே எச்சரிக்கை போட்டிருக்காங்க. படிக்கறவங்க கம்மி. கொஞ்ச நேரம் வேலை செய்யும், அப்புறம் நின்னுடும், எப்ப நிக்கும்னு சொல்ல முடியாது. 'மீடியா ப்ளேயர்' கதையும் இப்படித்தான். அலாரம் ஒலியை ஃபங்ஷனுக்குள்ள ஒரு லோக்கல் வேரியபிள்ல வெச்சு ஓட விட்டா, ஃபங்ஷன் முடிஞ்சதும் கயிறு அறுந்துடும். ஒலி பாதியில நின்னு போக வாய்ப்பு இருக்கு.

பைத்தான்ல டிகேஇன்டர் கத்துக்கிட்ட யாரா இருந்தாலும் இதைச் சந்திச்சிருப்பீங்க. ஒரு ஃபங்ஷனுக்குள்ள 'ஃபோட்டோ-இமேஜ்' உருவாக்கி லேபிள்ல போடுவோம், விண்டோ வரும், படம் இருக்க வேண்டிய இடம் காலியா இருக்கும். ஃபைல் பாத் தப்போன்னு அரை மணி நேரம் தேடுவோம். பாத் எல்லாம் சரிதான். லேபிள் அந்தப் படத்தோட பேரை மட்டும்தான் வெச்சிருக்கு, கயிறு பிடிக்கல. அதனாலதான் படத்தை லேபிள் மேலயே ஒரு அட்ரிப்யூட்டா வெச்சுக்கன்னு எல்லா டுட்டோரியல்லயும் சொல்றாங்க. பார்க்க அர்த்தமில்லாத வரி மாதிரி இருக்கும். அந்த வரிதான் கயிறு.

ஆக ரெண்டு பக்கமும் அடி. சாக வேண்டியது சாகாம இருக்கலாம், இருக்க வேண்டியது சொல்லாம செத்துப் போகலாம். ரெண்டுக்கும் மருந்து ஒரே கேள்வி: இந்தப் பொருளோட சொந்தக்காரர் யார்?

நேயரோட ஆப்ல அலாரத்தோட சொந்தக்காரர் திரைன்னு எழுதியிருக்கார். என் பார்வையில அடிப்படைத் தப்பு அங்கதான், லிஸனரை நீக்காதது அதுக்கப்புறம். நிஜத்துல அலாரம் யாரோடது? அந்தக் கடல் பயணத்தோடது. திரை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், போன் பையில இருந்தாலும், படகு கரையை விட்டுக் கிளம்பி திரும்பி வர்ற வரைக்கும் அது ஓடணும். திரைக்கு அவ்வளவு ஆயுசு கிடையாது. அப்ப சும்மா 'ஆன்-ஸ்டாப்'ல லிஸனரை நீக்கினா என்ன ஆகும்? நினைவகம் சுத்தமாகும். ஆனா போனைப் பையில போட்ட உடனே அலாரமும் நின்னுடும்! லீக் போச்சு, ஆபத்து வந்தாச்சு.

அதனால ரெண்டாப் பிரிக்கணும். ஒண்ணு, ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ். மேல ஒரு நோட்டிஃபிகேஷன் எப்பவும் தெரியும், "பயணம் நடக்கிறது"ன்னு. ஜிபிஎஸ் லிஸனர், எல்லைக் கணக்கு, மீடியா ப்ளேயர் எல்லாம் இதுக்குச் சொந்தம், எல்லாமே ஒவ்வொண்ணுதான். 'பயணம் தொடங்கு' அழுத்தினா பதிவு, 'கரை சேர்ந்தாச்சு' அழுத்தினா நீக்கம். (ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் இல்லாம பின்னணியில ஓடற ஆப்புக்கு ஆண்ட்ராய்டு 8-ல இருந்து மணிக்கு சில தடவைதான் இடத் தகவல் வரும். எல்லை அலாரத்துக்கு அது பத்தாது.) இன்னொண்ணு, திரை. அது வெறும் பார்வையாளர். தெரியறப்ப சர்வீஸ்கிட்ட, "இப்ப எங்க இருக்கோம்?"னு கேட்டு வரையும், மறையறப்ப விலகிக்கும். திரை நூறு தடவை செத்துப் பிறந்தாலும் அலாரம் ஒண்ணுதான். எச்சரிக்கை தூரமும் சர்வீஸ்ல ஒரே இடத்துல இருக்கும், பழைய 5 கிலோமீட்டரை ஞாபகம் வெச்சிருக்க ஆளே இருக்காது.

ஜெமினி மாதிரி ப்ளூடூத் கருவியோட பேசற ஆப் எழுதறவங்க இன்னொண்ணு பார்த்துக்கணும். கார்பேஜ் கலெக்டர் நினைவகத்தை மட்டும்தான் பார்க்கும். இணைப்பு, ஃபைல், சென்சார், இதையெல்லாம் நாமதான் மூடணும். ப்ளூடூத் எல்இ இணைப்புல 'டிஸ்கனெக்ட்' மட்டும் கூப்பிட்டு விட்டுடுவாங்க. பத்தாது, 'க்ளோஸ்' கூப்பிடணும். இல்லைன்னா போன் ஒதுக்கி வெச்ச இடம் அப்படியே நிக்கும். திரும்பத் திரும்ப இணைச்சா ஒரு கட்டத்துல புது இணைப்பே கிடைக்காது.

வெப் பக்கம் இருக்கறவங்க சிரிக்காதீங்க, உங்களுக்கும் உண்டு. ப்ரவுசர்ல 'வாட்ச்-பொசிஷன்' கூப்பிட்டா ஒரு எண் திரும்ப வரும். பலர் அதை வாங்கி வெக்கறதே இல்ல. அந்த எண் இல்லாம 'க்ளியர்-வாட்ச்' கூப்பிட முடியாது. 'ரிமூவ்-ஈவன்ட்-லிஸனர்'ல அதே ஃபங்ஷனைத்தான் கொடுக்கணும். அங்கேயே புதுசா ஒரு ஆரோ ஃபங்ஷன் எழுதிக் கொடுத்தா, எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருந்தாலும் அது வேற பொருள், நீக்காது. எர்ரரும் சொல்லாது. ரியாக்ட்ல 'யூஸ்-எஃபெக்ட்' திரும்பத் தர்ற ஃபங்ஷன் இந்த க்ளீனப்புக்குத்தான். 18-ஆம் பதிப்பு வந்ததுல இருந்து ஸ்ட்ரிக்ட் மோட்ல காம்பொனன்டை ரெண்டு தடவை மவுன்ட் பண்ணுதே, "என்னடா ஏபிஐ ரெண்டு தடவை போகுது"ன்னு திட்டறோமே, அது நம்ம க்ளீனப் சரியா இருக்கான்னு சோதிச்சுப் பார்க்கறது. திட்டிட்டு ஸ்ட்ரிக்ட் மோடைத் தூக்கிடறவங்களை எனக்குத் தெரியும். பேர் சொல்லல.

கடைசியா, கண்டுபிடிக்கறது எப்படி? நேயருக்கு நான் சொன்னது: 'லீக்-கேனரி'யை டிபக் பில்டுல சேருங்க. ஸ்கொயர் கம்பெனி 2015-ல வெளியிட்ட இலவச லைப்ரரி. அது வேலை செய்யற விதமே அழகு. ஆக்டிவிட்டி அழிஞ்ச உடனே அதை ஒரு வீக் ரெஃபரன்ஸ்ல போட்டு வெச்சுக்கும், அதாவது பதிவு எண்ணை மட்டும் எழுதி வெச்சுக்கிற மாதிரி. அஞ்சு விநாடி கழிச்சு, கலெக்டரையும் ஒரு தடவை ஓட விட்டுட்டு, நம்பரைத் தேடும். படகு இன்னும் இருந்தா? யாரோ கயிறு பிடிச்சிருக்காங்க. உடனே மொத்த நினைவகத்தையும் படம் எடுத்து, கரையில இருந்து அந்தப் படகு வரைக்கும் எந்தெந்தக் கயிறுன்னு வரிசையா காட்டும்.

அவர் ஆப்பை ஓட விட்டு, போனை பத்து தடவை சாய்ச்சுப் பார்த்துட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். மேல இருந்து படிக்கணும்: முதல்ல ரூட், அடுத்து லொகேஷன் மேனேஜர், அடுத்து அவரோட பேரில்லாத லிஸனர், அதுக்குள்ள 'திஸ்-டாலர்-ஜீரோ'ன்னு ஒரு விசித்திரமான பேர், கடைசியில 'மேப் ஆக்டிவிட்டி'. அந்த 'திஸ்-டாலர்-ஜீரோ'தான் கம்பைலர் சத்தமில்லாம கட்டின கயிறு. உங்க ஸ்க்ரீன்ல அந்தப் பேரைப் பார்த்தீங்கன்னா, அதுக்கு ஒரு வரி மேல இருக்கிற லிஸனரை எங்க பதிவு பண்ணீங்கன்னு போய்ப் பாருங்க. சர்வீஸா பிரிச்சு எழுதின புது பில்டை உறவுக்காரர்கிட்ட கொடுத்திருக்காராம், இந்த தடவை போனை வேணும்னே நல்லா ஆட்டச் சொல்லி.